மின்னிசைக்கு ஒரு மடிக்கணினி

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மின்னிசை ஆக்குவதற்கு எத்தகைய மடிக்கணினி வாங்கலாம் என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். திருமுறை வகுப்பும் குருபூசையும் சிரமதானமும் நடத்திவரும் ஒரு சங்கத்திலே இப்படியும் ஒரு பொருளா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் இப்பொருளை நாமாகத் தேடிப் போகவில்லை. சங்கத்தின் பணத்தில் ஒரு பகுதியை இசைக் கருவிக்கென்று செயற்குழு ஒதுக்கியிருக்கிறது. அதைப்பற்றி வாலிபர் ஒரு பக்கமும் பெரியோர் ஒரு பக்கமுமாக நின்று வாதிட்டு வருகிறோம். "விலைகூடிய கணினியே வேண்டும்" என்பது வாலிபர் கட்சி. "கணினியே எதற்கு?" என்பது பெரியோர் கட்சி. இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அக்கேள்வியை நாம் அறிந்தது எமது தவறொன்றின் மூலமாகவே. ஆதலின் அந்தத் தவற்றைச் சொல்லியே தொடங்குகிறோம்.

சென்ற வருடத்துக்கு முந்திய வருடம், எமது ஊர்க் கோவிலிலே நாற்பது வருடத்துக்கு மேலாகத் தேவாரம் ஓதிவந்த பெரியவர் ஒருவரின் குரலைப் பதிவுசெய்ய விரும்பினோம். அதற்கு மின்னிசையாற் சுருதியும் மெல்லிய தாளமும் சேர்த்தால், எம் வயதினரும் காதுகொடுத்துக் கேட்பர் என்பது எண்ணம். நண்பர் ஒருவரிடம் ஒரு மடிக்கணினியை இரவல் வாங்கினோம். கணினி விளையாட்டுக்கென்றே விற்கப்படும் வகை அது. விசைப்பலகையிலே ஏழு நிறத்தில் வெளிச்சம் ஓடும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தோம்.

பெரியவர் மாலையிலே குளித்து, நீறணிந்து, எமது வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்து ஒன்றரை மணி நேரம் பாடினார். வேறு ஒலிவாங்கி வைக்கவில்லை. கணினியின் மேல் விளிம்பில் இருந்த சிறு துளையே ஒலிவாங்கி. அன்றிரவு கேட்டுப் பார்த்தபோது, குரலுக்குப் பின்னாலே தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஓயாத இரைச்சல். அது கணினியின் விசிறி. இடையிடையே "டிக், டிக்" என்று ஒலி அறுந்து கிடந்தது. மறுநாட் போய் உள்ளதைச் சொன்னோம். "அதுக்கென்ன தம்பி, தைப்பூசம் முடியட்டும், இன்னொருக்காப் பாடுவம்" என்றார். தைப்பூசத்துக்கு முன்னரே அவர் சிவபதம் எய்தினார். இன்று எம்மிடம் இருப்பது அந்த விசிறியின் இரைச்சலோடு கூடிய குரல் மாத்திரமே.

நண்பர்களே, அந்தக் கணினி மலிவானதன்று, பலத்திலும் குறைந்ததன்று. எமது வேலைக்கு ஒவ்வாதது, அவ்வளவுதான். "எந்தக் கணினி சிறந்தது?" என்று கேட்டோமேயன்றி, "எந்த வேலைக்கு?" என்று கேட்கவில்லை. அதுவே நாம் கேட்க மறந்த கேள்வி.

கணினி இசையை எங்ஙனம் ஆக்குகிறது என்பதை முதலிற் சுருக்கமாகப் பார்ப்போம். ஒலியென்பது காற்றின் அதிர்வு. கணினிக்குத் தெரிந்ததோ எண் ஒன்றே. ஆகவே காற்றின் அதிர்வைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்வதும், எண்ணை மீண்டும் அதிர்வாக்கிக் கொடுப்பதுமே அதன் இசைத்தொழில். 1957-ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் மாக்ஸ் மத்தியூஸ் என்னும் பொறியியலாளர் எழுதிய நிரலைக் கொண்டு, ஐ.பி.எம். 704 என்னும் பெருங்கணினி 17 செக்கன் நீளமான ஒரு சிற்றிசையை ஆக்கியது. அக்கணினியை மடியில் வைப்பதெங்கே, மண்டபத்தில் வைக்கவே இடம் தேட வேண்டும். அந்தப் பதினேழு செக்கனின் வழித்தோன்றல்தான் இன்று எமது மடியிலிருக்கும் கருவி.

1982-இல் விற்பனைக்கு வந்த இசை இறுவட்டு, செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளக்கும் முறையைக் கைக்கொண்டது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வைப் பிடிக்க வேண்டுமாயின் அதன் இருமடங்குக்கு மேலாக அளத்தல் வேண்டும். அதனால் வந்தது அந்த எண். இங்கேதான் மற்றை வேலைக்கும் இசைவேலைக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படுகிறது. நாம் கடிதம் எழுதும்போது கணினி அரைச் செக்கன் தாமதித்தால் எவரும் அறியார். இசையிலோ, ஒவ்வொரு செக்கனிலும் 44,100 எண்களை ஒன்றும் தவறாமல் வரிசையாகக் கொடுத்தாக வேண்டும். ஒரு கைப்பிடி எண் பிந்தினாலும் காதிலே "டிக்" என்று விழும். ஆதலின் இசைக்கு வேண்டியது காளையின் பலமன்று. கோவில் மணிக்காரரின் நேரந் தவறாமை. கணினியைத் தெரியும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றையவை தாமே விளங்கும்.

நேரந் தவறாமைக்காகக் கணினி சிறிதளவு எண்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு கொடுக்கிறது. இச்சேமிப்பைப் "பஃபர்" என்பர். பஃபர் பெரிதானால் ஒலி அறாது. ஆனால் பிந்தி வரும். சிறிதானால் உடனே வரும். ஆனால் கணினி திணறினால் அறும். இதனை ஒரு கணக்காலே காட்டலாம். பஃபர் 128 என வைத்தால் தாமதம் ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன். 1,024 என வைத்தால் 23 மில்லிசெக்கன். எமது நாட்டு வெப்பத்திலே ஒலி ஒரு மீற்றர் தூரம் செல்ல ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன் எடுக்கும். ஆகவே 128 என்பது தவில்காரர் எமக்கு ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து வாசிப்பதற்கு ஒப்பாகும். 1,024 என்பது எட்டு மீற்றருக்கு அப்பால், தேர்முட்டியில் நின்று வாசிப்பதற்கு ஒப்பாகும். உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் இந்தத் தாமதம் உண்டு என்பதால், பாடுபவர் தம் குரலைக் கணினி வழியாகக் கேட்கும்போது அது இருமடங்குக்கு மேலாகும். எனவே பாடும்போதும் வாசிக்கும்போதும் பஃபரைச் சிறிதாகவும், பின்பு ஆறியிருந்து ஒலிகளைச் சேர்த்துச் செப்பனிடும்போது பெரிதாகவும் வைத்தல் முறை.

இனிக் கணினியின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது செயலி. ஒரு குரலையோ கருவியையோ எடுத்து, அதிற் செய்யும் மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணிக்க முடியும். முதல் மாற்றம் முடியாமல் இரண்டாவது தொடங்காது. ஆகவே "எட்டுக் கரு, பத்துக் கரு" என்று எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து மயங்கலாகாது. ஒவ்வொரு கருவும் தனித்து எவ்வளவு விரைவானது என்பதையும் பார்த்தல் வேண்டும். இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் பலவற்றின் பெயரோடு யு அல்லது எச் என்னும் எழுத்து வரும். யு என்பது குறைந்த மின்சாரத்தில் அமைதியாக வேலைசெய்யும் வகை. எச் என்பது பலங்கூடிய, வெப்பமுங் கூடிய வகை. பலநூறு ஒலிகளை ஒரேநேரத்தில் எழுப்பும் திரைப்பட இசைக்கு எச் வேண்டியிருக்கலாம். சுருதி, தாளம், இரண்டொரு சிந்தசைசர், நாலைந்து குரல் என்ற எமது அளவுக்கு அண்மைக்கால யு வகையே போதும்.

இரண்டாவது விசிறி. விற்பனைக்காரர் வாயே திறவாத உறுப்பு இதுவே. செயலி சூடேறினால் விசிறி சுழலும். அதற்கு மேலும் சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்னையது ஒலிவாங்கியிற் புகும். பின்னையது "டிக்" என்று அறுக்கும். கடையிலே கணினியை வாங்குமுன் பதினைந்து நிமிடம் கனமான வேலையொன்றைக் கொடுத்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கடைக்காரர் சிரித்தாற் சிரிக்கட்டும். 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்-1 செயலி கொண்ட மாக்புக் எயாரில் விசிறியே கிடையாது. அதனாலே பழைய எம்-1 கணினியை இன்றும் இசைக்காரர் தேடி வாங்குகின்றனர். ஆனால் அதன் நினைவகத்தைப் பின்பு கூட்ட முடியாது. வாங்கும்போது உள்ளதே கடைசி வரை.

மூன்றாவது நினைவகம். 8 கிகாபைற்றில் தொடங்கலாம். கருவிகளின் உண்மை ஒலிகளை மாதிரியாக எடுத்து வைத்திருக்கும் நிரல்களைப் பயன்படுத்தினால் 16 வேண்டும். பின்பு கூட்டக்கூடிய கணினியாயின் இன்று 8, அடுத்த வருடம் 16 என்று போகலாம். விரலுக்குத் தக்க வீக்கம்.

நான்காவது தட்டு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியை இலவசமாகத் தந்தாலும் அதை மாற்றிய பின்பே இசைக்குப் பயன்படுத்துங்கள். எஸ்.எஸ்.டி. வகையே வேண்டும், 512 கிகாபைற் இருத்தல் நன்று. 24 பிற், 48,000 மாதிரி என்னும் தரத்தில் ஒரு தனிக்குரலைப் பதிவுசெய்தால் நிமிடத்துக்கு 8.64 மெகாபைற் செல்லும். எட்டுத் தடத்தில் பத்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 691 மெகாபைற். திருத்தங்களும் பிரதிகளும் சேர்ந்தால் தட்டு நிரம்புவதற்கு அதிக நாட் செல்லாது. நிரம்பிய தட்டும் "டிக்" என்பதற்கு ஒரு காரணமே.

பழைய கணினி வாங்குவோருக்கு மேலும் ஒரு சொல். வின்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆந் திகதியோடு முடிவடைந்தது. வின்டோஸ் 11-ஐ ஏற்பதற்கு, இன்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். மலிவென்று ஆறாந் தலைமுறைக் கணினியைச் சங்கப் பணத்தில் வாங்கிவந்து பின்பு கையைப் பிசையாதீர்கள்.

கணினி இவ்வளவே. ஆனால் கணினியோடு வேலை முடிவதில்லை. உண்மையைச் சொன்னால், எமது பெரியவரின் குரலைக் கெடுத்தது கணினி பாதி. கணினியைத் தவிர வேறொன்றையும் வாங்க நினையாத எமது புத்தி பாதி. ஒலி உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் செம்மையாக இருத்தல் வேண்டும். அதற்கென்று யு.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் சிறு பெட்டி ஒன்று உண்டு. ஓடியோ இன்டர்பேஸ் என்பர். இரண்டு ஒலிவாங்கிகளைப் பொருத்தக்கூடியதும், கொண்டென்சர் வகை ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ற்று மின்னைக் கொடுக்கக்கூடியதுமான பெட்டி எமக்குப் போதும். வின்டோஸ் கணினியாயின் அப்பெட்டிக்குரிய ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை நிறுவுங்கள். ஸ்டைன்பேர்க் என்னும் ஜேர்மன் நிறுவனம் 1997-இல் வகுத்த இம்முறை, ஒலியை வின்டோஸின் சுற்றுவழியால் அலைக்கழிக்காமல் நேர்வழியிற் செலுத்துவது. அப்பிள் கணினியில் இதற்கு ஈடான ஏற்பாடு உள்ளேயே உண்டு. பதிவு நடக்கும்போது வை-பையை நிறுத்திவிடுதலும் நல்ல வழக்கம். அதன் டிரைவரும் இடையிடையே செயலியைப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு.

வாசிப்பதற்கு 25 கட்டை கொண்ட ஒரு சிறு விசைப்பலகை போதும். அது தானாக ஒலி எழுப்பாது. எந்தக் கட்டை, எப்பொழுது, எவ்வளவு அழுத்தம் என்னும் செய்தியை மாத்திரம் கணினிக்கு அனுப்பும். 1983-இல் வந்த மிடி என்னும் இப்பொதுமொழியால், ஒரு நிறுவனத்தின் பலகை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசுகிறது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு பொதுமொழியை வகுத்துக்கொண்டது, சங்கங்கள் பலவாகப் பிரிந்து நிற்கும் எமக்கும் ஒரு பாடமாகலாம்.

இனி மின்சாரம். 2022 மார்ச் முடிவிலே நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் நின்றதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9-ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கு ஒன்று புகுந்ததாலே நாடு முழுவதும் இருண்டது. அனுமாருடைய இனத்தவர் மீது குற்றஞ் சொல்ல நாம் துணியோம். ஆனால் மேசைக்கணினியை விட்டு மடிக்கணினியை நாம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மின் நின்றாலும் பற்றரியில் வேலை தொடரும். இன்டர்பேஸும் பெரும்பாலும் யு.எஸ்.பி. வழியாகவே மின் பெறும். வேறொரு நன்மையும் உண்டு. சில வீடுகளிலே நிலத்தொடுப்புச் சரியில்லாமையால், மின்னேற்றியைச் செருகியவுடன் ஹெட்போனிலே "ம்ம்" என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்கும். பதிவுசெய்யும் நேரத்தில் மின்னேற்றியைக் கழற்றிவிட்டால் அது அடங்கும். ஆகவே பழைய கணினியாயின் பற்றரி இரண்டு மணி நேரமாவது தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நிரலுக்கு வருவோம். ஏபிள்டன் லைவ் 2001-இல் வந்தது; மேடையிலே உடனுக்குடன் ஒலிகளை அடுக்கி வாசிப்பதற்கு மிகவும் ஏற்றது. எப்.எல். ஸ்ரூடியோ பெல்ஜியத்தில் ஆக்கப்படுவது. தாளக்கட்டு அமைப்பதற்கு எளியது. ஒருமுறை வாங்கினால் பின்வரும் புதுப்பிப்புகள் இலவசம். ஆனால் அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பிலே குரலைப் பதிவுசெய்து கோக்க முடியுமா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். எம்மைப் போன்று குரலை நடுவில் வைப்போர் இதைக் கவனித்தல் வேண்டும். றீப்பர் என்னும் நிரல் அளவிற் சிறியது. பழைய கணினியிலும் ஓடும். 60 நாள் பழகிப் பார்த்தபின் வாங்கலாம். சிறிய பாவனையாளருக்கான உரிமம், நாம் இதை எழுதும் வேளையில், 60 அமெரிக்க டொலர். அதனோடு சிந்தசைசர்கள் அதிகம் வருவதில்லை. அக்குறையைத் தீர்க்க சேர்ஜ் எக்ஸ்.ரி. என்னும் இலவச சிந்தசைசர் இருக்கிறது. ஒருகாலத்தில் விலைக்கு விற்கப்பட்ட இது 2018-இல் யாவருக்கும் பொதுவாக்கப்பட்டது. அப்பிள் கணினி வைத்திருப்போருக்கு கராஜ்பாண்ட் விலையின்றியே கிடைக்கிறது.

இவ்விடத்தில் வாலிபருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். விலைகூடிய நிரல்களின் பூட்டை உடைத்த கள்ளப் பிரதிகள் எம்மிடையே கைமாறுகின்றன. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். திருமுறையைப் பதிவுசெய்வதற்குத் திருடிய கருவியா? தர்மத்தை விட்டாலும், அப்பிரதிகளோடு வரும் தீநிரல்கள் சேர்த்து வைத்த பதிவுகளை ஒரே நாளில் அழித்துவிடக்கூடும். நேர்மையான இலவச நிரல்கள் இருக்கையில் இந்த இழிவு எமக்கு வேண்டாம்.

இனிப் பெரியோர் பக்கம் திரும்புகிறோம். "இந்தப் பெட்டி எங்கள் நாதஸ்வரத்தையும் தவிலையும் விழுங்கிவிடாதா?" என்பது உங்கள் அச்சம். இவ்வச்சம் புதிதன்று. ஹார்மோனியம் எமது கமகத்துக்கும் சுருதிக்கும் ஒவ்வாதென்று 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971-இலேதான் அத்தடை தளர்த்தப்பட்டது. மறுபக்கத்திலே வயலினைப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியக் கருவியாகிய அதனைக் கற்று எமது இசைக்குக் கொண்டுவந்தார். எம்மவர் நின்று வாசிப்பதை விட்டு நிலத்திலே அமர்ந்து, அதன் தலையைப் பாதத்திற் சாய்த்து, தந்திகளை எமது சுருதிக்கு மாற்றிக் கூட்டி அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஒரு கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எமது சுருதிக்கு இணங்குகிறதா, எம்மைத் தன் சுருதிக்கு இழுக்கிறதா என்பதே பெரிது.

கணினியிலும் இதே சோதனை உண்டு. அதனை நாம் புத்தகத்தில் அறிந்தோமல்லேம். அந்தப் பெரியவரிடமே அறிந்தோம். பதிவுக்கு முன்னர் மின்விசைப்பலகையிலே நாம் வாசித்துக் காட்டியபோது, அந்தர காந்தாரம் வந்த இடத்தில் அவர் முகத்தைச் சுளித்து, "காந்தாரம் கொஞ்சம் ஏறி நிக்குது" என்றார். எமக்கு ஒரு வேற்றுமையும் தெரியவில்லை. மிஷன் பாடசாலைப் பிரார்த்தனை மண்டபத்தில் ஓர்கனோடு பாடிப் பழகிய காது எம்முடையது. பின்பு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஷட்ஜம் 240 ஹேர்ட்ஸ் ஆயின், இயற்கைக் காந்தாரம் அதன் நாலில் ஐந்து மடங்கு, அஃதாவது 300. விசைப்பலகையோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுவது. அதன் காந்தாரம் 302.4. பஞ்சமத்தில் 360-க்கு 359.6, அங்கே குறை மிகச் சிறிது. காந்தாரத்திலேதான் காது குத்தும். பெரியவர் ஒரு கணக்கும் போடாமற் சொன்னது சரியாகவே இருந்தது.

ஈழத் தமிழருக்கு இது புதிய வழியுமன்று. கரைதீவிற் பிறந்து, கிறிஸ்தவ மிஷன் கல்லூரியிற் பயின்று, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலானந்தர், பழந்தமிழிசையின் சுரத்தானங்களைக் கணிதத்தால் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-இல் அரங்கேறியது. அதே வருடம் ஜூலையில் அவர் மறைந்தார். கைக்கணிப்பால் அவர் செய்த வேலைக்கு உதவக்கூடிய கருவி இன்று எமது மடியிலிருக்க, பிறநாட்டார் வெட்டிவைத்த பன்னிரண்டு கட்டைக்குள்ளேயே நாம் அடங்கியிருப்பது தகுமா?

அடங்கத் தேவையுமில்லை. சேர்ஜ் எக்ஸ்.ரி. போன்ற இலவச சிந்தசைசரிலே ஒவ்வொரு சுரத்தின் அளவையும் நாமே எண்ணாகக் கொடுத்து வைக்கலாம். 2024-இல் வந்த ஏபிள்டன் லைவ் 12-இலும் இவ்வசதி சேர்க்கப்பட்டது. ஆகவே நிரலைத் தெரியும்போது "எத்தனை ஆயிரம் ஒலி தருவாய்?" என்று கேட்பதற்கு முன், "எமது சுருதிக்கு இணங்குவாயா?" என்று கேளுங்கள். தாளத்துக்கும் அதே நியாயம். பெட்டிக்குள்ளே யாரோ வைத்துத் தந்த மேளத்தை விட்டு, எமது ஊர்த் தவிலையும் பறையையும் உடுக்கையையும் அவற்றை வாசிப்போரின் கையாலேயே பதிவுசெய்து, அவ்வொலியைக் கொண்டு மின்னிசை அமைப்போம். அவர்களுக்குரிய சன்மானத்தையும் மறவாமற் கொடுப்போம். அப்பொழுது இப்பெட்டி கலைஞரை விழுங்குவதாகாது.

கடைசியாகப் பணம். 2022 மார்ச்சுக்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டு மாதத்துக்குள் 350-ஐக் கடந்தது. ஆகவே ரூபாக் கணக்கு எழுதிவைப்பதைவிடப் பங்குக் கணக்கு நிலைக்கும். உள்ள பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள். ஐந்து பங்கு கணினிக்கு. அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். இரண்டு பங்கு இன்டர்பேஸுக்கும் ஒலிவாங்கிக்கும். ஒரு பங்கு நல்ல ஹெட்போனுக்கு. ஒரு பங்கு நிரலுக்கும் சிறு விசைப்பலகைக்கும். கடைசிப் பங்கு இரண்டு வெளித் தட்டுகளுக்கு. ஒன்று சங்கத்தில், மற்றது வேறொரு வீட்டில். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்த பொருள், வைத்திராத பொருளுக்குச் சமானம்.

புதிய கணினிக்குப் பணம் போதாதென்றால் பழையதை வாங்குங்கள். அதற்கும் போதாதென்றால் கணினியைப் பின்போட்டு, ஒலிவாங்கியையும் இன்டர்பேஸையும் முதலில் வாங்கி, எவரிடமாவது அமைதியான ஒரு கணினியை இரவல் கேளுங்கள். ஏனெனிற் கணினிக் கடை அடுத்த வருடமும் இருக்கும். எமது ஊரிலே இன்னும் பண்ணோடு ஓதக்கூடிய மூதாளர் மூவரே. மூவரும் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். தாளமும் சுருதியும் எப்பொழுதும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குரலை எப்பொழுதும் சேர்க்க முடியாது.

ஆகவே செயற்குழுவினரிடம் நாம் கேட்பது ஒன்று. எந்தக் கணினி என்னும் வாதம் முடியும்வரை காத்திராமல், வருகின்ற பங்குனிக்கு முன்னர் அம்மூவரிடமும் சென்று பதிவுசெய்ய உத்தரவு தாருங்கள். விறாந்தையைத் துப்புரவாக்குவதும், விசிறிகளை நிறுத்துவதும், தேநீர் வைப்பதும், பதிவுசெய்வதும் வாலிபராகிய எமது பொறுப்பு. எது சரியான காந்தாரம் என்று பக்கத்திலிருந்து சொல்வது பெரியோராகிய உங்கள் பொறுப்பு.

அந்தப் பெரியவரின் பதிவை நாம் அழித்துவிடவில்லை. இரைச்சலைக் குறைக்கும் நிரலொன்றால் அதனை ஓரளவு துலக்கியிருக்கிறோம். இக்கூட்டம் முடிந்ததும், விரும்புவோர் இருந்து கேட்கலாம். விசிறியின் ஓசை இன்னும் கேட்கும். அதனைப் பொறுத்துக்கொண்டால் அதற்குள்ளே அவருடைய காந்தாரமும் கேட்கும்.